வெயிலைக் குறை சொல்லும் முன் பேஃபிள் சீலைப் பாருங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் பயிற்சி விமானங்களின் பதிவேட்டில் ஒரே புகார் அடிக்கடி தலைகாட்டும்: "மேலேறும்போது ஆயில் வெப்பம் அதிகம்." வெயில் காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி விமானத்தைத் திருப்பி அனுப்பும் பழக்கம் பல ஹேங்கர்களில் உண்டு. பராமரிப்புப் பொறியாளராக இதை எழுத வைத்தது அந்தப் பழக்கம்தான். வெயிலுக்குப் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இப்படிப் புகார் வந்து, என்ஜினை மூடியிருக்கும் உறையான கவுலிங்கை நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலும் இன்னொரு காரணமும் இருந்தது. உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி, சிலிண்டரைத் தொடாமலேயே வெளியே போய்க்கொண்டிருந்தது.

செஸ்னா 152, 172 போன்ற விமானங்களில் உள்ள லைகமிங் என்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. மூக்கில் இருக்கும் இரண்டு வாய்கள் வழியாக நுழையும் காற்று, என்ஜினுக்கு மேலே உள்ள அறையில் தேங்கி அழுத்தம் பெறுகிறது. கவுலிங்கின் கீழ்ப்பகுதியில் அழுத்தம் குறைவு. இந்த வேறுபாடுதான் காற்றை மேலிருந்து கீழாக, சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளான ஃபின்களின் இடுக்குகள் வழியே தள்ளுகிறது. பின்பக்கமும் பக்கவாட்டிலும் நிற்கும் அலுமினியத் தகடுகளான பேஃபிள்களும், அவற்றின் விளிம்பில் பொருத்திய சிலிக்கான் ரப்பர் சீல்களும் சேர்ந்துதான் அந்த மேல் அறையை அடைத்து வைத்திருக்கின்றன.

அழுத்த வேறுபாடு ஒன்றும் பெரியதல்ல. தண்ணீர் மட்டத்தில் அளந்தால் சில அங்குலங்கள்தான். அதனால்தான் விரல் நுழையும் அளவு இடைவெளிகூட என்ஜினைச் சூடாக்கிவிடுகிறது. கரை உடைந்த வாய்க்காலில் மதகை எவ்வளவு திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அதே கதைதான் இங்கேயும்.

கவுலிங்கைக் கழற்றிவிட்டுத் தரையில் நீண்ட நேரம் என்ஜினை ஓட்டினால் நன்றாகக் குளிரும் என்று நம்புகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். நடப்பது நேர்மாறானது. கவுலிங் இல்லாவிட்டால் மேல் அறையே இல்லை. ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்று என்ஜினைச் சுற்றிக்கொண்டு போய்விடும், ஃபின்களுக்குள் நுழையாது.

இனி சீல்களுக்கு வருவோம். சீல் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அது அழுத்தம் மிகுந்த பக்கமாக, அதாவது உள்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் காற்றழுத்தமே அதைக் கவுலிங்கோடு ஒட்டவைக்கும். மேல் கவுலிங்கை அவசரமாக மாட்டும்போது சீலின் ஒரு பகுதி வெளிப்பக்கம் மடிந்துகொள்வது சாதாரணமாக நடக்கிறது. மூடிய பிறகு வெளியிலிருந்து எதுவும் தெரியாது. மாட்டியவுடன் முன்வாய் வழியே டார்ச் அடித்து, கண்ணுக்கு எட்டும் வரை பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். இதை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்து, கழற்றிய கவுலிங்கின் உள்பக்கத்தைப் பாருங்கள். சீல் உராய்ந்த தடம் அங்கே கோடாகப் பதிந்திருக்கும். கோடு எங்கே அறுபடுகிறதோ அங்கே காற்று ஒழுகுகிறது. பேஃபிள் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் மூலைகள், என்ஜினின் நடு உடலான கிரான்க்கேஸை ஒட்டிய சிறு துளைகள் ஆகியவற்றை வெப்பம் தாங்கும் சிலிக்கான் பசையால் அடைக்கலாம். பழைய சீல் அட்டைபோல் விறைத்திருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பலர் கண்ணில் படாத இடம் சிலிண்டர்களுக்கு இடையே, அடிப்பக்கம் இருக்கும் சிறு தகடு. காற்று ஃபின்களைச் சுற்றி அணைத்துக்கொண்டு கீழே போவது அதனால்தான். சிலிண்டர் மாற்றும் வேலையில் கழற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் சிலிண்டர் சூடாகவே ஓடும். பின் பேஃபிளில் ஆயில் கூலர் தொங்கும் விமானங்களில், அதன் எடையும் அதிர்வும் சேர்ந்து தகட்டில் விரிசல் விழவைக்கும். கூலரின் இடுக்குகளில் பூச்சியும் தூசியும் அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பேஃபிளிலிருந்து கேபின் ஹீட்டருக்கோ, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவுக்கோ போகும் குழாய் கிழிந்திருந்தால் அதுவும் ஒழுகல்தான்.

முன்வாயைப் பெரிதாக்கினால் என்ன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வாயைப் பெரிதாக்குவதால் இழுவை கூடும், ஒழுகல் அப்படியே இருக்கும். காற்று வெளியேறும் வழிதான் பெரும்பாலும் முக்கியம். செஸ்னா 182இல் அந்த வழியை விமானியே திறந்து மூடும் கதவான கவுல் ஃப்ளாப் வைத்திருப்பது அதனால்தான். அமெரிக்காவின் லாங்லி ஆய்வகத்தில் அந்நாட்டின் அன்றைய வானூர்தி ஆய்வு அமைப்பான நாகா (NACA) 1920களின் இறுதியில் உருவாக்கிய கவுலிங் இதை எப்போதோ நிரூபித்துவிட்டது. சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த, திறந்து கிடந்த ரேடியல் என்ஜினை மூடி, காற்றை வழிநடத்தியபோது விமானத்தின் வேகம் கூடியது, என்ஜினும் குளிர்ந்தது. அமெரிக்க வானூர்தித் துறையின் 1929ஆம் ஆண்டுக்கான காலியர் விருது அதற்குத்தான் கிடைத்தது. ஆனால் சான்றிதழ் பெற்ற விமானத்தில் நாமாக எதையும் வெட்டவோ ஒட்டவோ கூடாது. வடிவமைப்பை மாற்றுவதற்கு அங்கீகரிக்கப்பட்ட ஆவணம் வேண்டும். நம் கையில் இருப்பது, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவருவது.

இதில் நம் ஊர் வெயிலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கச் சிறுவிமான விதிகளில் நெடுங்காலம் இருந்த குளிர்விப்புச் சோதனைக்கான குறைந்தபட்ச வரையறை, கடல் மட்டத்தில் 100 டிகிரி ஃபாரன்ஹீட். அதாவது சுமார் 38 டிகிரி செல்சியஸ். மே மாத மதியத்தில் நம் ஓடுபாதைகள் பலவற்றில் அதைத் தாண்டிவிடுகிறோம். அங்கே கிழிந்த சீலுக்கு இடமே இல்லை. லைகமிங் என்ஜின்கள் பலவற்றுக்குச் சிலிண்டர் ஹெட் வெப்பத்தின் உச்ச வரம்பு 500 டிகிரி ஃபாரன்ஹீட். அது வரம்பு, ஓட்ட வேண்டிய அளவு அல்ல. நீண்ட ஆயுளுக்குச் சிக்கனப் பயண வேகத்தில் 400க்குக் கீழே வைத்திருக்கச் சொல்வது அந்த நிறுவனமேதான்.

விமானிகளிடம் கேட்டுக்கொள்வதும் உண்டு. செஸ்னா 172எஸ் விமானம் கடல் மட்டத்தில் அதிவேகமாக உயரம் பிடிப்பது 74 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில். தடை எதுவும் இல்லையென்றால் 84இல் ஏறுங்கள். காற்றின் மோதும் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி உயர்வதால், அந்தப் 10 நாட் முன்வாயில் கால் பங்குக்கும் மேல் கூடுதல் அழுத்தத்தைத் தரும். வரிசையில் காத்திருக்கும்போது முடிந்தவரை மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் நின்ற விமானம் என்றால், முன்வாய்க்குள் மைனா கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். காய்ந்த புல் காற்றை மறிப்பதோடு தீயும் பிடிக்கும்.

பதிவேட்டில் "வெப்பம் அதிகம்" என்று மட்டும் எழுதாமல் வெளி வெப்பம், உயரம், வேகம், மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை) நிலை, எந்தச் சிலிண்டர் என்பதையும் எழுதுங்கள். பழைய விமானங்கள் பலவற்றில் ஒரே ஒரு சிலிண்டரில்தான் சென்சார் இருக்கும், மற்ற மூன்றும் என்ன பாடுபடுகின்றன என்பதை அந்த முள் காட்டாது. அப்படிப்பட்ட விமானம் என்றால் அதையும் குறிப்பிடுங்கள். சீல் மாற்றிய பிறகு அதே மாதிரி நாளில், அதே வேகத்தில் ஏறி எடுத்த அளவைப் பக்கத்திலேயே எழுதிவைத்தால், அடுத்து கவுலிங்கைத் திறப்பவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியும்.