பல்கேரியப் பாட்டிகள் ஏன் இவ்வளவு ஒட்டி ஒட்டிப் பாடுகிறார்கள்?

வீட்டில் இரண்டு போன் இருந்தால் இதைப் படித்துக்கொண்டே செய்து பார்க்கலாம். ஏதாவது ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப்பை இரண்டிலும் இறக்கி, ஒன்றில் 300 ஹெர்ட்ஸ், இன்னொன்றில் 302 வையுங்கள். இரண்டு ஒலி கேட்காது. ஒரே ஒலிதான், ஆனால் நொடிக்கு இரண்டு தடவை ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும். பள்ளி இயற்பியலில் விம்மல் என்று படித்தது இதைத்தான். இப்போது 302ஐ மெதுவாக ஏற்றுங்கள். 310 வரும்போது எண்ண முடியாத படபடப்பு, 320ஐத் தாண்டினால் ஏற்ற இறக்கமே தெரியாமல் ஒலி முழுக்க ஒரு சொரசொரப்பு, உப்புத்தாளைக் காதில் தேய்த்த மாதிரி. 400க்குப் போனால் சொரசொரப்பு போய் இரண்டு சுரம் தனித்தனியாகச் சுத்தமாக நிற்கும்.

தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறவர் இந்த விம்மல் அடங்கும்வரை பிருடையைத் திருகுவார். பல்கேரியாவின் மேற்கே, சோஃபியாவைச் சுற்றியுள்ள ஷோப் வட்டாரத்துக் கிராமத்துப் பெண்களோ அந்தச் சொரசொரப்பான இடத்தைத் தேடிப் போய் அங்கேயே நின்று பாடுகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு சுரங்கள், ஸவும் ரியும் சேர்ந்து ஒலிக்கிற மாதிரி. முதல் தடவை கேட்கிறவருக்கு அபஸ்வரம் என்றே தோன்றும். எனக்கும் தோன்றியது. அவர்களைக் கேட்டால், பாட்டு மணி மாதிரி ஒலிக்க வேண்டும் என்பார்கள்.

இதில் பேர்போனது வித்தோஷா மலையடிவாரத்தில் இருக்கும் பிஸ்த்ரித்சா கிராமம். அங்குள்ள பெண்கள் குழுவின் பெயரே பிஸ்த்ரித்சா பாட்டிகள் என்பதுதான். பல்கேரிய மொழியில் பாபா என்றால் பாட்டி, பாபி என்றால் பாட்டிகள். 2005இல் யுனெஸ்கோ இவர்களுடைய பாட்டையும் சடங்குகளையும் மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. பாடுவதில் வேலைப் பிரிவினை உண்டு. ஒருத்தி மெட்டை எடுத்துக் கூவுவாள். அதற்குப் பெயர் இஸ்விக்வா. இன்னொருத்தி அதோடு கோணலாக முழங்குவாள், புச்சி கிரிவோ. மற்றவர்கள் சுருதிப்பெட்டி மாதிரி ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கோணல் முழக்கம் என்று அவர்களே பெயர் வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது? உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட காக்ளியா இருக்கிறது, அதன் நீளத்துக்கு ஒரு சவ்வு. கீச்சொலிக்கு அதன் ஒரு முனை ஆடும், அடித்தொண்டை ஒலிக்கு மறுமுனை. ஆனால் ஒரு சுரம் ஒரு புள்ளியை மட்டும் ஆட்டுவதில்லை, பக்கத்தையும் சேர்த்தே ஆட்டும். 300 ஹெர்ட்ஸ் அருகே இப்படிச் சேர்ந்து ஆடும் பட்டையின் அகலம் சுமார் 100 ஹெர்ட்ஸ். இரண்டு சுரமும் அதற்குள்ளேயே விழுந்தால் மூளையால் பிரிக்க முடியாது, ஒரே இடத்தில் நொடிக்கு 20, 30 தடவை நடக்கிற விம்மலை அது சொரசொரப்பாக வாங்கிக்கொள்கிறது. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இலேயே, நொடிக்கு 33 விம்மல் பக்கத்தில்தான் இது உச்சத்தில் இருக்கிறது என்று எழுதிவிட்டார். ஒருவர் 300இலும் அடுத்தவர் ஒரு முழுச் சுரம் தள்ளி 337இலும் பாடினால் வித்தியாசம் 37. பாட்டிகள் நிற்கிற இடம் கிட்டத்தட்ட அதேதான்!

சந்தேகமாக இருந்தால் ஹெட்போன் மாட்டி, ஒரு காதுக்கு 300, மறுகாதுக்கு 337 கொடுத்துப் பாருங்கள். சொரசொரப்பு ஏறக்குறையக் காணாமல் போகும். இரண்டும் ஒரே காக்ளியாவுக்குள் சந்தித்தால்தான் உண்டு.

விம்மல் தெளிவாக வேண்டுமென்றால் குரலில் கமகமோ அசைவோ இருக்கக் கூடாது, இரண்டு குரலும் சம பலத்தோடு இருக்க வேண்டும். அதனால்தான் இவர்கள் நெருக்கமாக நின்று, நெஞ்சுக் குரலில், நேர்க்கோடு மாதிரி நீட்டுகிறார்கள். குரல்வளையைச் சற்று ஏற்றி, வாயின் முதல் ஒத்ததிர்வை, பாடும் சுரத்தின் இரண்டாவது கிளைச்சுரத்தோடு பொருத்திவிடுகிறார்கள். 300இல் பாடினால் 600 எடுப்பாகக் கேட்கும். அந்த 600க்கும், 337இல் பாடும் அடுத்தவளுடைய 674க்கும் இடையே இன்னொரு விம்மல், நொடிக்கு 74. அடுக்கடுக்காக இப்படிச் சேரும்போதுதான் வெண்கல மணி மாதிரி ஒரு ரீங்காரம். மைக் எதுவும் தேவையில்லை, வயல்வெளியில் பாடிய பாட்டு இது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1977இல் வாயேஜர் விண்கலத்தில் வைத்து அனுப்பிய தங்க இசைத்தட்டில் போன பல்கேரியப் பாட்டு இந்த வகை இல்லை. அது ரோடோப்பி மலைப் பாட்டு, வால்யா பால்கன்ஸ்காவின் ஒற்றைக் குரலும் இரண்டு காபா கைடா துருத்திக் குழல்களும். அதே தட்டில் நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரும் உண்டு. அப்புறம், உலகமெங்கும் விற்ற பல்கேரியப் பெண்கள் குழுப்பாட்டு இருக்கிறதே, அது பெரும்பாலும் 1951இல் இசையமைப்பாளர் பிலிப் கூத்தெவ் தொடங்கிய குழுவின் வழியில் மேடைக்காக எழுதப்பட்டது. ஒரு வரிக்கு நாலைந்து பேர் பாடுவதால் விம்மல்கள் ஒன்றோடொன்று கலந்து மினுமினுப்பாகிவிடும். அழகுதான், ஆனால் உப்புத்தாள் உரசலுக்குக் கிராமத்துக் குரல்கள் இரண்டு மூன்றே போதும்.

பாட்டிகளின் பாட்டில் ஓர் அடி முடியும் இடத்தில் "ஈஈ" என்று குரல் திடீரென்று மேலே எகிறிப் போய்ச் சட்டென அறுபடும். அந்தக் கணத்தில் சொரசொரப்பும் நின்று, காது காலியாகிப் போகும். அதற்குள் அடுத்த அடியை எடுத்துவிடுவார்கள்.