காற்புள்ளி மூச்சு விடும் இடம் அன்று

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களில் ஒன்றின் எதிரே சற்று நின்று, அதில் வெட்டப்பட்டிருக்கும் வட்டெழுத்து வரிகளை உற்றுப் பார்த்தால், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இல்லை என்பதும், நிறுத்தற்குறி எதுவுமே இல்லை என்பதும் முதலில் கண்ணில் படும். மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட வீரனைப் பற்றி இந்த வட்டாரத்துக் கற்களில் திரும்பத் திரும்ப வரும் வாசகம் 'தொறு மீட்டுப் பட்டான்' என்பது. தொறு என்றால் மந்தை. பட்டான் என்றால் இறந்தான். குறிகள் இல்லாமலேயே இது தெளிவாக விளங்குவதற்குக் காரணம் தமிழ்ச் சொற்களின் ஈறுகள். 'மீட்டு' என்பது வினையெச்சம். இன்னொரு வினை பின்னால் வருகிறது, காத்திரு என்று அதன் ஈறே சொல்லிவிடுகிறது. 'பட்டான்' என்ற வினைமுற்றோ, செய்தவன் ஆண் என்பதையும் செயல் நடந்து முடிந்தது என்பதையும் காட்டுவதோடு, செய்தி இங்கே முடிந்தது என்பதையும் உணர்த்திவிடுகிறது. முற்றுப்புள்ளியின் வேலையை அந்தச் சொல்லே செய்துவிட்டது.

ஆங்கிலத்தில் இந்த வசதி மிகவும் குறைவு. தேன்கனிக்கோட்டைப் பக்கம் 'விவசாயியை யானை விரட்டியது' என்றாலும், 'யானை விவசாயியை விரட்டியது' என்றாலும் ஓடியவர் விவசாயிதான். 'ஐ' என்ற உருபு அவரை விட்டு விலகுவதில்லை. 'தி எலிஃபன்ட் சேஸ்ட் தி ஃபார்மர்' என்ற ஆங்கிலத் தொடரில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி வைத்தால், யானை ஓட, விவசாயி துரத்துவார். யார் எழுவாய், எது செயப்படுபொருள் என்பதை ஆங்கிலத்தில் சொல்லின் இடமே முடிவு செய்கிறது. ஆகவே அந்த வரிசைக்கு நடுவே வேறொரு செய்தியைச் செருகும்போது, செருகல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குக் காட்டியாக வேண்டும். காற்புள்ளி அங்கே இந்தப் பொறுப்பைச் சுமக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும் விதத்தில்தான் பிழை தொடங்குகிறது என்பது என் கருத்து. 'படிக்கும்போது எங்கே மூச்சு விடுகிறாயோ, அங்கே கமா போடு' என்றே பெரும்பாலோர் கற்றிருக்கிறோம். நாம் வைத்திருக்கும் பெயர்களும் அப்படியே அமைந்துவிட்டன. கால், அரை, முக்கால், முழு என்ற அளவுகள் நிறுத்தும் நேரத்தைக் குறிப்பவை. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று மனப்பாடம் செய்தவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு.

இந்த மூச்சுக் கணக்குக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. கி.மு. 200ஐ ஒட்டிய காலத்தில், எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்தில் பணிபுரிந்த அரிஸ்டோபனிஸ் என்ற கிரேக்க அறிஞர், உரக்கப் படிப்பவர் எங்கே எவ்வளவு நிறுத்த வேண்டும் என்பதைக் காட்ட, வரியின் நடுவிலும் அடியிலும் மேலேயும் புள்ளி வைக்கும் முறையை வகுத்தார். கோமா என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'வெட்டப்பட்ட துண்டு' என்பது பொருள். முதலில் தொடரின் சிறு துண்டுக்கு வழங்கிய அந்தப் பெயர் பின்னர் அதைப் பிரிக்கும் குறிக்கு வந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகர அச்சகர் ஆல்டஸ் மனுதியஸ், இன்று நாம் காணும் வடிவத்தில் காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் அச்சில் நிலைநிறுத்தினார். 1762இல் ஆங்கில இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத்கூட, காற்புள்ளியைப்போல் இரு மடங்கு அரைப்புள்ளி, அதைப்போல் இரு மடங்கு முக்காற்புள்ளி என்று நேரக் கணக்கே சொன்னார். மக்கள் மௌனமாகப் படிக்கப் பழகிய பிறகு, ஆங்கிலத்தில் குறிகள் மூச்சிலிருந்து விலகித் தொடரமைப்பைக் காட்டும் கருவிகளாயின. தமிழ் உரைநடையில் இவற்றை ஒழுங்காகக் கையாண்டு பரப்பியவர்களில் முதன்மையானவர் ஆறுமுக நாவலர்.

அண்மையில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆங்கிலக் கட்டுரை ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதல் வரியே 'மை ஃபாதர், இஸ் எ ஃபார்மர்' என்றிருந்தது. ஃபாதர் என்ற சொல்லுக்குப் பின்னால் நீல மையில் ஓர் அழுத்தமான காற்புள்ளி. ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே ஒற்றைக் காற்புள்ளி வரக் கூடாது. அது கணவன் மனைவிக்கு நடுவே சுவர் எழுப்புவது போன்றது. ஆனால் அந்தப் பெண் கவனக்குறைவால் அதைப் போடவில்லை. 'என் தந்தை, பாலக்கோட்டில் தக்காளி பயிரிடுகிறார்' என்று தமிழ் இதழ்களில் எழுவாயை அடுத்துக் குறியிடுவது வழக்கம். நம் வினை கடைசியில் வருவதால், எழுவாய்க்கும் வினைக்கும் இடையே எத்தனையோ சொற்கள் புகுந்துவிடுகின்றன, வாசகர் சற்று நிற்க ஓர் இடம் தேவைப்படுகிறது. தமிழில் பொருந்திய பழக்கத்தை அவள் அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டு போயிருக்கிறாள்.

அடுத்த பக்கத்தில் இருந்த பிழை இன்னும் ஆழமானது. தந்தை சந்தைக்குப் போனார், தக்காளியை எடை போட்டார், பணம் வாங்கினார், வீடு திரும்பினார் என்ற பொருளில் நான்கு ஆங்கில வாக்கியங்களை வெறும் காற்புள்ளிகளால் கோத்து ஒரே வாக்கியமாக்கியிருந்தாள். தமிழில் இதை 'சந்தைக்குப் போய், தக்காளியை எடை போட்டு, பணம் வாங்கி, வீடு திரும்பினார்' என்று இயல்பாகச் சொல்வோம். போய், போட்டு, வாங்கி ஆகிய மூன்றும் எச்சங்கள். முற்று ஒன்றே ஒன்று. காற்புள்ளியை எடுத்துவிட்டாலும் எச்சங்கள் தொடரைப் பிடித்துக்கொள்ளும். அவள் எழுதிய 'வென்ட்', 'வெய்ட்', 'காட்', 'ரிட்டர்ன்ட்' ஆகிய நான்குமோ தனித்தனி எழுவாயுடன் நிற்கும் நான்கு முற்றுகள். இரண்டு முழு வாக்கியங்களைக் கட்டிப்போடும் வலிமை ஆங்கிலக் காற்புள்ளிக்குக் கிடையாது. 'அண்ட்' போன்ற இணைப்புச் சொல் வேண்டும், அல்லது அரைப்புள்ளி வேண்டும், இல்லையென்றால் முற்றுப்புள்ளி வைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். ஓசூர்ப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகளுக்கும் இதே தடுமாற்றம் வருவதில் வியப்பில்லை. அந்த மொழிகளும் எச்சங்களை அடுக்கி முற்றில் முடிப்பவையே.

எல்லாவற்றையும்விட நுட்பமான இடம், பெயருக்கு அடை சேர்க்கும் துணைத்தொடர். கிருஷ்ணகிரியில் மா அறுவடைக் காலத்தில் ஒரு வியாபாரி மாங்கூழ் ஆலைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'தி மேங்கோஸ் விச் வேர் ரைப் வேர் சென்ட் டுடே' என்று குறியில்லாமல் எழுதினால், இருந்தவற்றில் பழுத்தவை மட்டும் இன்று அனுப்பப்பட்டன, காய்கள் இன்னும் மண்டியில் இருக்கின்றன என்று பொருள். அதே தொடரில் 'விச்' என்பதற்கு முன்னும் 'ரைப்' என்பதற்குப் பின்னும் காற்புள்ளி இட்டால், பழங்கள் முழுவதும் அனுப்பப்பட்டுவிட்டன, அவை எல்லாமே பழுத்திருந்தன என்று பொருள் மாறிவிடும். ஒரு சொல்கூட மாறவில்லை. மண்டியில் மிச்சம் உண்டா இல்லையா என்பதை இரண்டு குறிகள் முடிவு செய்கின்றன. 'பழுத்த மாம்பழங்கள் இன்று அனுப்பப்பட்டன' என்ற தமிழ்த் தொடரோ இரண்டுக்கும் இடம் கொடுக்கும். பெயரெச்சம் பெயருக்கு முன்னால் ஒட்டி நிற்பதால் அங்கே குறியிட வழியில்லை. மட்டும், எல்லாம் என்ற சொற்களால் வேறுபடுத்துகிறோம். இந்த வேறுபாட்டைக் குறியால் காட்டும் பழக்கம் தாய்மொழியில் இல்லாததால், ஆங்கிலத்தில் அது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. செருகிய தொடரை விரலால் மறைத்துப் பார்த்து, சொல்ல வந்த செய்தி சிதையாமல் இருந்தால் இரு புறமும் காற்புள்ளி இடலாம். சிதைந்தால் இரண்டும் கூடாது. வாக்கியத்தின் நடுவே வரும் செருகலுக்கு ஒரு புறம் மட்டும் இடுவது பிழை.

இந்தியாவில் ஒருவருடைய விடுதலையே இத்தகைய குறியைச் சார்ந்திருந்தது உண்டு. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவில் 'செல்ஸ், ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்' என்று ஒரு தொடர் இருந்தது. விற்றல், இருப்பு வைத்தல், விற்பனைக்காகக் காட்சிக்கு வைத்தல் என்று மூன்றாகப் பிரித்துப் படித்தால், மருந்தை வெறுமனே வைத்திருப்பதே குற்றமாகிவிடும். முகமது ஷபீர் வழக்கில் உச்ச நீதிமன்றம், 'ஸ்டாக்ஸ்' என்ற சொல்லை அடுத்துக் காற்புள்ளி இல்லாததைக் கவனித்தது. ஆகவே 'விற்பனைக்காக' என்ற அடை அந்தச் சொல்லையும் தழுவுகிறது, விற்கும் நோக்கத்தோடு இருப்பு வைத்தால்தான் குற்றம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தொடரை உரக்கப் படிப்பவர் எங்கே மூச்சு விடுவார் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்கிறது என்பதை மட்டுமே நீதிபதிகள் பார்த்தார்கள்.