நான்கு வருடம் நின்ற வண்டியை முதலில் உதைக்காதீர்கள்

போன வருடம் ஒரு திங்கட்கிழமை. நான் கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வாசலில் ஒரு குட்டியானை சரக்கு வண்டி வந்து நின்றது. பின்னால் கயிறு கட்டி நிறுத்தியிருந்த வண்டி 2009 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர், டிஎன் 69 பதிவு. கூட வந்த தம்பிக்கு இருபத்தோரு வயது இருக்கும். துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"ஏழாயிரத்துக்கு முடித்துவிட்டேன் அண்ணாச்சி. பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. 2020 ஊரடங்கில் நிறுத்திய வண்டியாம். நேற்றுப் பகல் முழுக்க உதைத்துப் பார்த்தேன், ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை."

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தூத்துக்குடியில் இருபத்திரண்டு வருடமாக இரு சக்கர வாகனம் பழுது பார்க்கிறேன். நின்ற வண்டி என்னிடம் வந்தால் நான் முதலில் கேட்பது "உதைத்தீர்களா?" என்பதைத்தான். அநேகமாக எல்லோருமே உதைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து தன் பங்குக்கு நான்கு உதை உதைத்திருப்பார்.

அந்த வண்டியில் ஆயில் மூடியைத் திறந்து குச்சியை இழுத்தேன். பால் அதிகமான டீ போல வெளுத்திருந்தது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். "விற்றவர் வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். பையன் சொன்ன தெரு 2023 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் கிடந்த தெரு. அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் மாவட்டத்தில் யாரும் அதை மறந்திருக்க முடியாது. விற்ற அம்மா பொய் சொல்லவில்லை. 2020-இல் நிறுத்தியது உண்மை. நடுவில் வண்டி மூழ்கி எழுந்ததைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, இவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் சில இடங்களில் சேறு போகாது. சீட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்பக்கம், ஸ்பீடோமீட்டர் மூலை, பக்கவாட்டுப் பெட்டியின் அடி, பிரேக் டிரம்முக்குள் எல்லாம் மெல்லிய மண் படிந்திருக்கும். அதோடு ஆயில் குச்சியையும் இழுத்துப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு மெக்கானிக் தேவையில்லை, ஐந்து நிமிடப் பொறுமை போதும்.

மீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்று மயங்குகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஓடிய வண்டி தேயும், நின்ற வண்டி அரிக்கும். தினமும் ஓடி அறுபதாயிரம் கிலோமீட்டர் கடந்த ஸ்பிளெண்டரை நான் துணிந்து வாங்குவேன். எங்கள் ஊர் உப்புக் காற்றில் நான்கு வருடம் நின்ற பதினெட்டாயிரம் கிலோமீட்டர் வண்டி என்றால் பாதி விலைக்குத்தான் கேட்பேன்.

நிற்கிற காலத்தில் உள்ளே நடப்பது இதுதான். சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் மெல்லக் கீழே இறங்கிவிடும். இரும்புச் சுவரும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும் ஈரக் காற்றில் துருவால் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் ஓங்கி உதைத்தால் ரிங் ஒடியலாம், அல்லது துருத்துகள் சுவரில் கோடு கிழிக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். மறுநாள் பிளக்கை மாட்டாமலேயே கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். இறுக்கம் விட்டு இறங்கினால் நல்லது. அசையவே இல்லை என்றால் மறுபடியும் எண்ணெய் விட்டு இன்னொரு நாள் காத்திருக்கலாம். அதன் மேல் காலை வைக்கக் கூடாது.

வாங்கப் போகும் இடத்திலும் கிக்கரைக் கையால் அழுத்துவதுதான் என் முதல் சோதனை. நல்ல இன்ஜின் ஓரிடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கும். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் ரிங்கோ வால்வோ போய்விட்டது. கல்லாக நின்றால் இன்ஜின் ஜாம். இரண்டில் எதுவானாலும் இன்ஜின் பிரிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

டேங்க்கைத் திறந்தபோது பெட்ரோல் வாடை வரவில்லை, வார்னிஷ் வாடைதான் அடித்தது. பழைய பெட்ரோல் கெட்டுப்போய்ப் பிசினாகி, கார்புரேட்டரில் தலைமுடி அளவே துளை உள்ள ஜெட்டுகளை அடைத்துவிடும். "புதுப் பெட்ரோல் ஒரு லிட்டர் ஊற்றினேன்" என்றான் தம்பி. ஊற்றினால் டேங்க்கின் அடியில் கிடக்கும் துருவும் கார்புரேட்டருக்குள் இறங்கும், அவ்வளவுதான் பயன். பழையதை முழுக்க வடித்து, டேங்க்கைத் தனியே கழற்றி, உள்ளே ஒரு கைப்பிடி நட்டும் கொஞ்சம் டீசலும் போட்டுக் குலுக்கிக் கழுவ வேண்டும். அடித் தையலில் ஊசித் துளை விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். நீர் அதிகமானால் பிரிந்து அடியில் தங்கும். அதனால் இனிமேல் நிறுத்தி வைக்கப்படும் வண்டிகளின் டேங்க்குகளுக்கு இன்னும் கேடு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லாதவை. நின்று போனால் டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பே இறுகிவிடும், அதன் விலையைக் கேட்டால் தன் செலவே பரவாயில்லை என்று ஸ்பிளெண்டரை வாங்கிய தம்பி சிரித்திருப்பான்.

ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி கூடு கட்டியிருந்தது. சைலன்சர் வாயில் குளவி மண் பூசியிருந்தது. இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்.

உயிர் போகும் விஷயம் இன்ஜின் அல்ல, பிரேக். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். டிரம் பிரேக்கில் தேய்வது ஷூவின் மேல் பசையால் ஒட்டியிருக்கும் ஒரு பட்டை. ஈரத்தில் நின்ற வண்டியில் அந்தப் பட்டை ஷூவை விட்டு உரிந்து வந்துவிடும். வாசலில் தள்ளிப் பார்க்கும்போது பிரேக் பிடிப்பது போலவே இருக்கும். ஒருநாள் வேகத்தில் அழுத்தும்போது பட்டை கழன்று டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். டிஸ்க் பிரேக் என்றால் திரவம் ஈரத்தைக் குடித்திருக்கும், உள்ளே பிஸ்டன் துருப்பிடித்திருக்கும். ஆக்சிலேட்டர் கேபிளும் அப்படித்தான்: உறைக்குள் துரு ஏறினால் முறுக்கிய கை விட்டாலும் அது திரும்பாது. வண்டி பிடித்த சந்தோஷத்தில் செருப்புக் காலோடு ஒரு சுற்று போய்வருகிறேன் என்று கிளம்பி, கை கால் உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். முதலில் நிறுத்தத் தெரிந்த வண்டியாக்குங்கள், ஓட்டுவது பிறகு.

டயரைப் பற்றி ஒரு சண்டை நடந்தது. "பட்டன் தேயாமல் அப்படியே இருக்கிறதே, எதற்கு மாற்ற வேண்டும்?" என்றான். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். அவன் டயரில் 3514 என்றிருந்தது. 2014-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது. பத்து வருடத்துக்கு மேலான ரப்பர். கட்டைவிரலால் அழுத்தி வளைத்துக் காட்டினேன், பக்கச் சுவர் முழுக்க வெடிப்பு. அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

இன்ஜினைப் பிரித்தபோது ஒரு ரிங் ஒடிந்து சுவரில் பள்ளம் போட்டிருந்தது. லேத்தில் போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்ட வேண்டியதாயிற்று. உதைக்காமல் கொண்டுவந்திருந்தால் அது தப்பியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தண்ணீர் போன இன்ஜின். ஆனால் ரிங்கின் ஒடிந்த முனை புதிதாகப் பளபளத்தது.

கணக்கு இப்படி வந்தது. பிஸ்டன் கிட், போர் 2,900. டயர், டியூப் இரண்டு ஜோடி 3,600. பேட்டரி 1,200. பிரேக் ஷூ, கேபிள்கள் 900. கார்புரேட்டர், பெட்ரோல் டாப் 750. செயின் ஸ்பிராக்கெட் 1,300. முன் ஃபோர்க் சீல், கோன் செட் 1,100. ஆயில், பிளக், ஏர் ஃபில்டர் 800. என் கூலி 3,500. மொத்தம் 16,050 ரூபாய். வாங்கிய விலையோடு சேர்த்தால் 23,050. அந்தப் பணத்துக்குப் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்கில் ஓடுகிற வண்டியாகவே ஒன்றை எடுத்திருக்கலாம். அதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனே கணக்குத் தாளைப் பார்த்தபடி சொன்னான்.

இவ்வளவும் இரும்பு விஷயம். பணத்தால் சரியாகிவிடும். அதற்குப் பிறகுதான் நான் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன்.

வண்டி அந்த அம்மாவின் கணவர் பெயரில் இருந்தது. அவர் இறந்து மூன்று வருடம். தனியார் வண்டியின் பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். இது 2024-லேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். இன்சூரன்ஸும் இல்லை. பையன் கையில் இருந்தது இறந்தவர் என்றோ கையெழுத்துப் போட்டு வைத்த, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-உம் 30-உம். விற்பவர் உயிரோடு இருந்தால் படிவம் என்ற அளவில் அந்த இரண்டும் போதும். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு முதலில் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும்; அதற்கு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவை. அதன் பிறகுதான் அவர் விற்க முடியும். இறந்தவர் கையெழுத்தை வைத்து "நான் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விற்கிறவர்களுக்கும் இதில் ஆபத்து உண்டு. பெயர் மாற்றாமல் கொடுத்த வண்டி விபத்தில் சிக்கினால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய கடன் அடைந்த பிறகும் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் நீங்காமல் கிடப்பதும் சகஜம்; அதற்கு அவர்களின் தடையில்லாக் கடிதமும் படிவம் 35-உம் வேண்டும். வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே எம்-பரிவாகன் செயலியில் எண்ணைத் தட்டினால் பதிவு எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் டார்ச் அடித்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

அந்த அம்மா நல்லவர். தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பித்துவிட்டார். ஆனால் மூத்த மகன் துபாயில் இருக்கிறார், அவர் சம்மதக் கடிதம் வர வேண்டும். ஸ்பிளெண்டர் இப்போது அரை உதையில் பிடிக்கிறது, சத்தம் பூ மாதிரி. சாலையில் இறக்க முடியாததால் என் கடை ஓரத்திலேயே தார்ப்பாய் போட்டு நிற்கிறது. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நான்தான் அதைக் கிளப்பி, பத்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறேன்.