ஃபார்மட் அடிக்கும் முன் அந்த இருபது வரியைப் பாருங்கள்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு ஏறும் சாலையோரம் ஓர் எடைமேடை. அதன் அறையில் டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை தட்டி இயக்கும் இயங்குதளம்) ஓடும் பழைய பென்டியம் சிஸ்டம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி கரண்ட் போய் வந்த பிறகு, திரையில் ஒரு பிழைச் செய்தியோடு அது நின்றுவிட்டது. வெளியே கொல்லம் போக வேண்டிய லோடு லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இந்த நேரத்தில் காதில் விழும் முதல் யோசனை “ஃபார்மட் அடிச்சிரலாம்ணே” என்பதுதான். தயவுசெய்து வேண்டாம். எடைச் சீட்டுக் கணக்கு முழுவதும் அந்த டிஸ்கில் இருக்கிறது. கெட்டிருப்பது இருபது வரிகூட இல்லாத ஓர் எழுத்துக் கோப்பாக இருக்கலாம்.

சிஸ்டம் விழிக்கும் வரிசை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பவர் போட்டதும் மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க நிரல் சிஸ்டத்தின் உறுப்புகளைச் சோதிக்கிறது. பிறகு டிஸ்கின் முதல் செக்டாரை, அதாவது 512 பைட்டை, நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. அதிலுள்ள சிறு நிரல் எந்தப் பார்ட்டிஷன் (டிஸ்கின் பிரிவு) ஆக்டிவ் என்று பார்த்து அதன் பூட் செக்டாருக்கு, அதாவது அந்தப் பிரிவின் முதல் செக்டாருக்கு, போகிறது. அங்கிருந்து டாஸின் உயிர்க் கோப்புகளான ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ் இரண்டும் ஏறுகின்றன. அதன்பின் கான்ஃபிக்.சிஸ் படிக்கப்படுகிறது, அடுத்து நாம் தட்டும் கட்டளைகளை ஏற்கும் கமாண்ட்.காம் ஏறுகிறது, கடைசியாக ஆட்டோஎக்ஸெக்.பாட் ஓடுகிறது. இவற்றில் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பாட் இரண்டும்தான் நாம் திறந்து திருத்தக்கூடிய எழுத்துக் கோப்புகள். (பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்புப்படி தந்திருக்கிறோம், விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

ஆகவே “ஸ்டார்டிங் எம்எஸ்-டாஸ்” என்ற வரி திரையில் வந்துவிட்டால் பயாஸ், டிஸ்க், கேபிள், பூட் செக்டார் எல்லாம் தம் வேலையைச் செய்துவிட்டன என்று பொருள். கோளாறு அதற்குப் பின்னால்தான். அந்த வரி வரவே இல்லையென்றால் இந்த இரண்டு எழுத்துக் கோப்புகளையும் தொடாதீர்கள். முதலில் மதர்போர்டின் 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரியைப் பாருங்கள். அது தீர்ந்திருந்தால் தேதி பல வருடம் பின்னுக்குப் போயிருக்கும். டிஸ்க் பற்றிய அமைப்பையும் பயாஸ் மறந்திருக்கும்.

வரி தெரிகிறது, அதன்பின் நிற்கிறது என்றால், டாஸ் 6-லிருந்து இரண்டு விசைகள் கைகொடுக்கும். அந்த வரி தெரியும் இரண்டொரு நொடிக்குள் எஃப்5 தட்டினால் இரு கோப்புகளையும் தாண்டிக்கொண்டு சிஸ்டம் எழும். அப்படி எழுந்தால் குற்றவாளி அந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது. எஃப்8 தட்டினால் கான்ஃபிக்.சிஸ்ஸின் ஒவ்வொரு வரியையும் காட்டி, ஓட்டவா வேண்டாமா என்று கேட்கும். எந்த வரிக்கு ஒய் (ஆம்) கொடுத்ததும் உறைகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். டாஸ் 5-ல் இந்த வசதி கிடையாது. சிஸ்டத்தை எழுப்ப பூட் ஃப்ளாப்பி ஒன்று வேண்டும். திருத்தும் முன் கான்ஃபிக்.சிஸ்ஸை கான்ஃபிக்.பேக் என்று நகலெடுங்கள். சந்தேகமான வரியை அழிக்காதீர்கள். அதன் முன்னால் ஆர்இஎம் என்று சேர்த்தால் டாஸ் அதைத் தாண்டிப்போகும். ஒரு தடவைக்கு ஒரு வரியை மட்டும் மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

செய்திகள் பல வந்தால் மேலே உள்ளதுதான் முக்கியம். கான்ஃபிக்.சிஸ்ஸில், 1 எம்பிக்கு மேலுள்ள நினைவகத்தை நிர்வகிக்கும் ஹைமெம்.சிஸ் இருக்கும் பாதை தவறாக இருக்கிறது என்று கொள்வோம். முதலில் “பேட் ஆர் மிஸ்ஸிங்” என்று அதன் பெயரோடு ஒரு செய்தி வரும். ஹைமெம் இல்லாததால் அடுத்த வரியிலுள்ள இன்னொரு நினைவக நிரலான இஎம்எம்386 ஏற மறுக்கும். டாஸை மேல் நினைவகத்தில் ஏற்றச் சொல்லும் டாஸ்=ஹை என்ற வரி, 1 எம்பி எல்லைக்கு மேலுள்ள முதல் 64 கேபி கிடைக்கவில்லை என்று சொல்லி டாஸைக் கீழேயே வைத்துவிடும். புகார் மூன்று, பிழை ஒன்றுதான். இப்படி நிரல்களை ஏற்றும் டிவைஸ்= வரிகள் எழுதிய வரிசையிலேயே ஏறுவதால், ஹைமெம் எப்போதும் இஎம்எம்386-க்கு முன்னால் இருக்க வேண்டும்.

ஹைமெம் வரியில் “அன்ரிலையபிள் எக்ஸ்எம்எஸ் மெமரி” என்று வந்தால் கோப்பில் குற்றமில்லை. ரேம் தன் கோளாறைச் சொல்கிறது. ஆனி, ஆடிச் சாரல் மாதங்களில் கணவாய் வழியாக வரும் ஈரம் ரேமின் தொடுமுனைகளில் படிந்து கறுக்கும். பவர் வயரைக் கழற்றிவிட்டு, பென்சில் ரப்பரால் முனைகளைத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டிப் பாருங்கள். இஎம்எம்386 வரியில் செய்தியே இல்லாமல் உறைந்தால், 640 கேபிக்கும் 1 எம்பிக்கும் இடைப்பட்ட பகுதியில் ஏதோ ஒரு கார்டு உட்கார்ந்திருக்கும் இடத்தை அதுவும் கேட்கிறது. வரியின் கடைசியில் எக்ஸ்=டி000-டி7எஃப்எஃப் போன்று அந்தக் கார்டின் முகவரியை விலக்கிவிட வேண்டும்.

பிழை காட்டாத பிழைகள்தான் ஆளை அலைக்கழிப்பவை. ஒரே நேரத்தில் எத்தனை கோப்பு திறக்கலாம் என்று சொல்லும் ஃபைல்ஸ்= என்ற வரி கான்ஃபிக்.சிஸ்ஸில் காணாமல் போனால், அந்த எண்ணை 8 என்றே டாஸ் எடுத்துக்கொள்ளும். சிஸ்டம் ஒழுங்காக எழும். ஃபாக்ஸ்ப்ரோ (தரவுத்தள மென்பொருள்) நிரல் டேட்டா, இண்டெக்ஸ் என்று கோப்புகளை வரிசையாகத் திறக்கும்போதுதான் “டூ மெனி ஃபைல்ஸ் ஓப்பன்” என்று நிற்கும். ஃபைல்ஸ்=60 போட்டால் சரியாகிவிடும். அதேபோல எடை காட்டும் கருவி சீரியல் போர்ட்டில் இணைந்திருந்தால், ஆட்டோஎக்ஸெக்.பாட்டில் மோட் காம்1:96,என்,8,1 என்பது போல ஒரு வரி இருக்கலாம். கருவி 9600 வேகத்தில் அனுப்ப, இந்த வரி இல்லாமல் போர்ட் வேறு வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தால், திரையில் எடைக்குப் பதில் குப்பை எழுத்து வரும். எடையை உணரும் லோட்செல் கெட்டுவிட்டது என்று ஆள் கூப்பிடுவதற்கு முன் இந்த வரியைத் தேடுங்கள்.

எல்லையோரக் கடைகளுக்கென்றே ஒரு வினை உண்டு. டிஸ்கைக் கழற்றிப் புதிய சிஸ்டத்தில் மாட்டி, நோட்பேடில் திறந்து, அடுத்து வருகிறவருக்குப் புரியட்டும் என்று ஆர்இஎம்முக்குப் பின் தமிழிலோ மலையாளத்திலோ ஒரு குறிப்பு எழுதுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த எழுத்தைக் காக்கக் கோப்பை யூனிகோடில் சேமிக்க வேண்டியிருக்கிறது. 16 பிட் யூனிகோடில் ஒவ்வோர் ஆங்கில எழுத்தோடும் ஒரு பூஜ்ய பைட் ஒட்டிக்கொள்ளும். டாஸுக்கு ஒரு வரியும் விளங்காது. யூடிஎஃப்-8 ஆனால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் அடையாளம் சேரக்கூடும். அப்போது முதல் வரி மட்டும் “அன்ரெகக்னைஸ்டு கமாண்ட்” ஆகும், மற்றவை ஓடும். எழுத்துப் பிழையே இல்லாத முதல் வரியை டாஸ் மறுத்தால் இதைச் சந்தேகியுங்கள். டாஸின் எடிட் நிரலில் புதுக் கோப்பாக அடித்துச் சேமிப்பதே தீர்வு. நோட்பேட் பெயருக்குப் பின்னால் .டிஎக்ஸ்டி ஒட்டிவிட்டதா என்றும் பாருங்கள்.

கரண்ட் போனதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? டாஸ் 6.0-ல் டிஸ்க் வேலையை வேகப்படுத்தும் ஸ்மார்ட்டிரைவ் என்ற நிரல் எழுத வேண்டியதைச் சில நொடிகள் நினைவகத்தில் பிடித்துவைத்து, பிறகு டிஸ்கில் இறக்கும். அந்த இடைவெளியில் பவர் போனால் கோப்பு பாதியில் அறுந்துவிடும். முன்னறிவிப்பில்லாமல் கரண்ட் போகும் ஊரில் அந்தத் தாமத எழுத்தை நிறுத்திவைப்பதே நல்லது. 6.2 பதிப்பில் ஸ்மார்ட்டிரைவ் வரியோடு /எக்ஸ் சேர்த்தால் போதும்; வேகம் கொஞ்சம் குறையும்.

விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டம் என்றால் இந்த இடத்தில், விண்டோஸ் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று சொல்லும் பூட்.இனி என்ற எழுத்துக் கோப்பு இருக்கும். “ஹால்.டிஎல்எல் மிஸ்ஸிங் ஆர் கரப்ட்” என்று வந்தால் அந்தக் கோப்பு பத்திரமாக இருந்து, பூட்.இனி தவறான பார்ட்டிஷனைக் காட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். மல்ட்டி(0)டிஸ்க்(0)ஆர்டிஸ்க்(0)பார்ட்டிஷன்(1) என்ற வரியில் முதல் மூன்றும் 0-விலிருந்து எண்ணப்படும். பார்ட்டிஷன் மட்டும் 1-லிருந்து. எக்ஸ்பி சிடியில் பூட் செய்து, ரெக்கவரி கன்சோல் என்ற பழுதுநீக்கும் திரையில் பூட்சிஎஃப்ஜி /ரீபில்ட் கொடுத்தால் நிறுவியிருக்கும் விண்டோஸைத் தேடிப் புது வரி எழுதித் தரும். டிஸ்கின் முதல் செக்டாரைத் திருத்தி எழுதும் ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளையை இதற்காகத் தொட வேண்டாம். அது வேறு நோய்க்கான மருந்து.

சிஸ்டம் நன்றாக ஓடும் நாளில் இரண்டு கோப்புகளையும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்துவையுங்கள். டைப் கான்ஃபிக்.சிஸ் > பிஆர்என் என்று தட்டினால் தாள் வந்துவிடும். அதை மடித்து, கேபினட்டின் உள்ளே அல்லாமல் வெளிப்பக்கம், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டுங்கள். உள்ளே வைத்தால் ஃபேனில் சிக்கும்.