சங்குப்பூ வலையில் வந்தால்

மன்னார் வளைகுடாவில் ஆண்டின் முதல் மூன்று மாதங்கள் பால் சங்கு முட்டையிடும் காலம். விசைப்படகு இழுத்து வரும் மடியை, அதாவது இழுவை வலையை, தட்டும்போது இறாலோடும் நண்டோடும் ஆட்டுக்கடாக் கொம்பு போல முறுக்கிய, ஒரு சாணுக்கும் நீளமான ஒரு பொருள் விழும். மீனவர்கள் சங்குப்பூ என்பார்கள். பலர் அதைக் கழிவோடு ஒதுக்கிவிடுகிறார்கள். சிலர் காயவைத்துக் கடற்கரைக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். அது சங்கின் முட்டைக்கூடு. உள்ளே அடுக்கடுக்காக அறைகள், ஒவ்வோர் அறையிலும் குஞ்சுகள்.

மீன்வளப் பணியில் இருக்கும் நான் இறங்குதளங்களில் திரும்பத் திரும்பப் பேச வேண்டியிருப்பது இதைப் பற்றித்தான்.

முத்துச்சிப்பியும் சங்கும் அதே கடலில்தான் வாழ்கின்றன. ஆனால் இனம் பெருக்கும் வழி முற்றிலும் வேறு. சிப்பி தன் முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுவிடும். கருவுற்றுப் பிறக்கும் இளம் உயிர்கள் வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு மிதந்து, பிறகு எங்கோ ஒரு பாரில், அதாவது சிப்பியோ சங்கோ கூட்டமாக வாழும் கடலடித் திட்டில், ஒட்டிக்கொள்ளும். ஒரு பார் காலியானாலும் வேறோர் இடத்திலிருந்து குஞ்சு வந்து சேர வாய்ப்பு உண்டு. சங்குக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆணும் பெண்ணும் நேரில் சேர வேண்டும். பெண் சங்கு கூட்டின் அடியை மணலில் ஊன்றி வைக்கும். உள்ளே வலுத்த குஞ்சு மற்றதைத் தின்று வளரும், அதனால் கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அவை வெளியே வரும்போதே முதுகில் ஓடு இருக்கும், நீந்தாது, பிறந்த மணலிலேயே ஊர்ந்து புழுக்களைத் தேடும்.

அப்படியென்றால் ஒரு பாரின் சங்குகளை வழித்தெடுத்துவிட்டால் தொலைவிலிருந்து எதுவும் மிதந்து வந்து அதை நிரப்பப் போவதில்லை. பக்கத்துப் பாரிலிருந்து ஊர்ந்துதான் வர வேண்டும். நடுவில் சேறோ பாறையோ இருந்தால் அதுவும் கஷ்டம்.

எண்ணிக்கை குறைவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பஹாமாஸ் தீவுகளில் அரசிச் சங்கு (queen conch) என்ற வேறொரு சங்கினத்தை ஆராய்ந்தபோது, ஹெக்டேருக்கு ஏறத்தாழ 50 முதிர்ந்த சங்குகளுக்குக் கீழே போன இடங்களில் இணை சேர்வதையே காண முடியவில்லை. உயிரோடு இருந்தும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க முடியாத நிலை. ஃபுளோரிடாவில் 1980களின் நடுவிலேயே அதைப் பிடிப்பதை முழுக்க நிறுத்திவிட்டார்கள், இன்னும் பழைய அளவுக்கு மீளவில்லை. இத்தனைக்கும் அரசிச் சங்குக்கு மிதக்கும் குஞ்சுப் பருவம் உண்டு! நம் சங்குக்கு அதுவும் இல்லை என்பதுதான் என் கவலை.

சங்குக் குளி, அதாவது மூழ்கிச் சங்கு எடுக்கும் தொழில், அரசின் கையில் இருந்த காலத்தில் சங்கின் பருமனைச் சோதிக்க அளவு வளையம் வைத்திருந்தார்கள். குறுக்களவு 57 மில்லிமீட்டருக்குக் குறைந்த சங்கு உயிரோடு கடலுக்குத் திரும்பிவிடும். முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு நின்றுபோனது, சங்கு மட்டும் தொடர்ந்து கிடைத்துவந்ததில் அந்த வளையத்துக்குப் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். மூழ்கி எடுப்பவர் பார்த்து எடுக்கலாம், சிறியதை விட்டுவிடலாம். இழுவை மடிக்கு அந்தக் கண் கிடையாது. சிறியது, பெரியது, கூடு எல்லாவற்றையும் சேர்த்தே வாரும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை இருக்கிறது. மீன்களுக்கு அது உதவலாம். சங்கு முட்டையிடும் மாதங்களோ அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை, தெரிந்த சங்குப் பார்களின் மேல் மட்டுமாவது இழுவை மடி போடாமல் இருக்க ஊர்க் கமிட்டிகளே பேசி முடிவெடுக்கலாம். எந்தப் பார் எங்கே என்று குளியாட்களுக்கு நன்றாகத் தெரியும், அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் போதும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ராமேசுவரத்திலோ கன்னியாகுமரியிலோ உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு சங்கையும் காய்ந்த சங்குப்பூவையும் அழகுப் பொருளாக நீட்டினால் வாங்காதீர்கள். கரையில் தானாக ஒதுங்கிய கூட்டின் அறைகள் பெரும்பாலும் திறந்திருக்கும், குஞ்சுகள் போய்விட்டன என்று அர்த்தம். அறைகள் மூடியபடியே காய்ந்திருந்தால் உள்ளே இருந்தவை வெளியே வரவே இல்லை.