போர்ட் என்றால் துறைமுகம் அல்ல, தளம்பெயர்ப்பு

“இந்த விளையாட்டின் லினக்ஸ் துறைமுகம் விரைவில் வெளியாகும்.” வீடியோ கேம் பற்றிய தமிழ்ச் செய்திகளில் இந்த மாதிரி வரியைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. இயந்திரம் மொழிபெயர்த்துக் கொடுத்ததை ஒருவரும் படித்துப் பார்க்காமல் வெளியிடுகிறார்கள். விண்டோஸ் என்ற இயங்குதளத்துக்கென்று எழுதிய விளையாட்டை லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தில் ஓடும்படி மாற்றித் தருவதற்குத்தான் ஆங்கிலத்தில் போர்ட் என்று பெயர். அதற்கும் துறைமுகத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

சொல்லின் வேர் சுருக்கமாக. லத்தீனில் போர்ட்டுஸ் என்றால் துறைமுகம், போர்ட்டா என்றால் வாசல், போர்ட்டாரே என்றால் சுமந்து செல்வது. மென்பொருளில் வரும் போர்ட் மூன்றாவதன் வழிவந்தது. ரயில் நிலையத்துப் போர்ட்டரும் அதே குடும்பம். யுஎஸ்பி போர்ட், நெட்வொர்க் போர்ட் இரண்டும் போக்குவரத்து நடக்கும் வாசல்கள். அவற்றுக்குத் துறை என்று எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆற்றில் இறங்கி ஏறும் இடமும் துறைதானே. விளையாட்டுக்கு அந்தச் சொல் ஆகாது.

தமிழில் இதற்குத் தேவையான வினை ஏற்கெனவே இருக்கிறது. பெயர்தல் என்றால் தானாக இடம் மாறுவது. பெயர்த்தல் என்றால் இன்னொருவர் இடம் மாற்றுவது. புலம்பெயர்வு முதல் வகை, மொழிபெயர்ப்பு இரண்டாவது வகை. தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளைச் சொல்லும்போது “மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்” என்கிறது. அதர் என்றால் வழி. மொழியை மாற்றினால் மட்டும் போதாது, போய்ச்சேரும் மொழியின் வழிக்கு ஏற்றபடி கட்டவும் வேண்டும் என்றே நான் இதைப் படிக்கிறேன். விளையாட்டைப் போர்ட் செய்கிறவர் செய்வதும் இதுதான். ஆகவே தளம்பெயர்ப்பு. தளம்பெயர்வு என்று எழுதவேண்டாம், எந்த விளையாட்டும் தானாக லினக்ஸுக்கு வருவதில்லை.

1998-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய லோக்கி சாஃப்ட்வேர் இந்த வேலையை மட்டுமே தொழிலாகச் செய்தது. விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்திடம் உரிமம் பேசி, மூல நிரலை வாங்கி, விண்டோஸை நம்பியிருந்த பகுதிகளை ஒவ்வொன்றாக மாற்றி எழுதினார்கள். படம் வரைவது, ஒலி, விசைப்பலகை, சாளரம் திறப்பது எல்லாமே அதில் அடக்கம். 1999-இல் ‘சிவிலைசேஷன்: கால் டு பவர்’ இப்படி வந்தது, ‘குவேக் 3 அரீனா’, ‘சிம்சிட்டி 3000’ தொடர்ந்தன. விற்பனை கைகொடுக்கவில்லை. 2002 ஜனவரியில் கடையைச் சாத்தினார்கள். அங்கே வேலை பார்த்த சாம் லாண்டிங்காவின் எஸ்டிஎல் நிரலகம் (படம், ஒலி, விசைப்பலகை வேலைகளைப் பல தளங்களில் ஒரே மாதிரி செய்ய உதவும் நிரல் தொகுப்பு) மட்டும் இன்றுவரை எண்ணற்ற விளையாட்டுகளுக்கு அடியில் இருக்கிறது.

துறைமுகத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது ‘லினக்ஸ் பதிப்பு’. பார்க்க நல்ல தமிழாக இருப்பதால் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை. போர்ட் செய்த விளையாட்டும் லினக்ஸ் பதிப்பு, விண்டோஸ் விளையாட்டு அப்படியே லினக்ஸில் ஓடினாலும் லினக்ஸ் பதிப்பு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், வணிக விளையாட்டுகள் லினக்ஸுக்கு வருமா, வந்தால் நிற்குமா என்ற கேள்வியையே பேச முடியாமல் போகிறது.

2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் தன் இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீமில், விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டானைக் கொண்டுவந்தது. 1993-இல் தொடங்கிய வைன் திட்டம்தான் அதன் அடித்தளம். விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதாக நினைத்து எதையோ கேட்கிறது. வைன் அந்தக் கேள்வியை வாங்கி லினக்ஸ் வழியில் நிறைவேற்றுகிறது. விண்டோஸின் டைரக்ட்3டியில் வரும் வரைகட்டளைகளை டிஎக்ஸ்விகே என்ற துணை மென்பொருள், லினக்ஸிலும் ஓடும் வல்கன் முறைக்கு மாற்றுகிறது. விளையாட்டின் நிரலில் ஒரு வரியும் மாறுவதில்லை. தளம்பெயர்ப்பு ஒரு நூலை மொழிபெயர்ப்பது என்றால், புரோட்டான் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குப் பக்கத்தில் நின்ற ஆனந்தரங்கம் பிள்ளையைப் போல ஒரு துபாஷி, அதாவது கூடவே நின்று பேச்சை மாற்றிச் சொல்பவர். அதற்கு இணக்க அடுக்கு என்ற சொல் போதும். சிலர் எழுதும் ‘முன்மாதிரி’ தவறு. அது வேறொரு கணினியைப் போல நடிக்கும் மென்பொருளுக்கான எமுலேட்டர் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கப் போய் வந்தது. வைன் அப்படிப்பட்டது அல்ல என்பதை ‘வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்’ என்ற அதன் பெயரின் விரிவாக்கமே சொல்கிறது. இதேபோல நேட்டிவ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பூர்வீக லினக்ஸ் விளையாட்டு’ என்றும் எழுதுகிறார்கள். ‘நேரடி லினக்ஸ் விளையாட்டு’ என்றால் யாருக்கும் புரியும்.

சொல் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ‘ராக்கெட் லீக்’ நல்ல உதாரணம். அதற்கு நேரடித் தளம்பெயர்ப்பு ஒன்று இருந்தது. 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். ஆனால் விண்டோஸ் விளையாட்டைப் புரோட்டான் வழியாக லினக்ஸில் ஆட முடிந்தது. ‘லினக்ஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது’ என்று படித்தவர், இனி லினக்ஸில் ஆடவே முடியாது என்றுதானே நினைப்பார்? ‘தளம்பெயர்ப்பு நிறுத்தப்பட்டது, இணக்க அடுக்கில் ஓடுகிறது’ என்று எழுதியிருந்தால் சிக்கலே இல்லை.

‘தி விட்சர் 2’ இன்னும் சிக்கலானது. 2014 மே மாதம் அது லினக்ஸுக்கு வந்தபோது, உள்ளே இருந்தது இயான் என்ற இடைநிலை மென்பொருள். பெட்டிக்குள்ளேயே துபாஷியையும் வைத்து விற்றார்கள். வேகம் குறைவு என்று வாங்கியவர்கள் கொதித்தார்கள். பின்னால் வந்த திருத்தங்களில் நிலைமை தேறியது. வேலை நடந்த விதத்தில் அது இணக்க அடுக்கு. லினக்ஸுக்கு என்று விற்று, குறை வந்தபோது திருத்தியும் கொடுத்ததால் பொறுப்பின் கணக்கில் தளம்பெயர்ப்பு. இரண்டு சொற்களும் கையில் இருந்தால்தான் அந்தச் சண்டை எதைப் பற்றியது என்றே தமிழில் சொல்ல முடியும். பதிப்பு என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு, வாங்கியவர் ஏன் கோபப்பட்டார் என்பதைக்கூட விளக்க முடியாது.

பொறுப்பைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் லினக்ஸில் இயங்கும் வால்வின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக் வந்தபிறகு லினக்ஸில் ஆடுபவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் இப்போது தளம்பெயர்ப்பைப் பற்றி யோசிப்பதே இல்லை, புரோட்டான் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகின்றன. ஒருவர் தனியாக ஆடும் விளையாட்டுக்கு இது பெரிய வரம். பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில், ஆட்டத்தில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் மோசடித் தடுப்பு மென்பொருள் குறுக்கே நிற்கிறது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழிவிட்டன. அதை இயக்குவதா வேண்டாமா என்பது விளையாட்டை உருவாக்கியவர் கையில். ‘ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்’ 2022-இல் திறந்துவிட்டது. 2024 அக்டோபர் கடைசியில், மோசடிக்காரர்களைக் காரணம் காட்டி லினக்ஸை மொத்தமாக அடைத்தது. லினக்ஸுக்கென்று எதையும் விற்காததால் யாருக்கும் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அப்படிப்பட்ட ஒன்றை ‘லினக்ஸ் பதிப்பு’ என்று நம் செய்தியாளர்கள் எழுதினால், கொடுக்காத வாக்கைக் கொடுத்ததாக வாசகரை நம்பவைக்கிறார்கள்.

ஆகவே மொழிபெயர்ப்பவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஒரு செய்தி கையில் வந்தால், நிரலை யாராவது லினக்ஸுக்காக மாற்றி எழுதினார்களா என்று முதலில் பாருங்கள். எழுதியிருந்தால் தளம்பெயர்ப்பு. இல்லையென்றால் ‘புரோட்டானில் ஓடுகிறது’ என்று நேராகச் சொல்லிவிடலாம். அப்புறம், தளம்பெயர்ப்பு என்று எழுதும் இடத்தில் செய்தவர் பெயரையும் போடுங்கள். லோக்கியில் இருந்த ரையன் கார்டன் அது மூடியபிறகும் விளையாட்டுகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்தபடியே இருக்கிறார். ‘எக்ஸ்காம்: எனிமி அன்நோன்’ 2014-இல் லினக்ஸுக்கு வந்தது ஃபெரல் இன்டராக்டிவின் உழைப்பால். நாவலை மதிப்புரை செய்யும்போது மொழிபெயர்ப்பாளர் பெயரைப் போடுகிறோம். தளம்பெயர்ப்பாளருக்கும் அந்த ஒரு வரி கிடைக்கட்டும்.