"மேற்கோள் உரை"யாம், மெயிலுக்கு!

மெயிலுக்கு ரிப்ளை பண்றப்போ பழைய மெயில் கீழ ஒட்டிக்கிட்டே வருதுல்ல, அதுக்கு இங்கிலீஷ்ல கோட்டட் டெக்ஸ்ட்னு பேரு. தமிழ் மெனுவுல "மேற்கோள் காட்டப்பட்ட உரையைக் காட்டு"ன்னு போடுறாங்க. ஒரே பட்டன்ல ரெண்டு காட்டு. மெனுவோட நின்னிருந்தா கண்டுக்காம போயிருப்பேன், ஆனா இப்போ ஆபீஸ் மெயில் எப்படி எழுதணும்னு வீடியோ போடுறவங்க, பாடம் எடுக்கிறவங்க எல்லாரும் "மேற்கோள் உரையை வடிவமைத்தல்"னு ஆரம்பிச்சிட்டாங்க, கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

முதல்ல இந்த "கோட்"ங்கிற இங்கிலீஷ் சொல்லோட வேரை முடிச்சிடுவோம். லத்தீன்ல க்வோட்னா "எத்தனை". அதுலேர்ந்து இடைக்கால லத்தீன்ல க்வோட்டாரே, அதாவது எண் போட்டு அத்தியாயம், வசனம்னு பிரிக்கிறது. 14ஆம் நூற்றாண்டு கடைசில இங்கிலீஷுக்கு வந்தப்பவும் புத்தக ஓரத்துல எண், குறிப்பு போடுறதுதான் அர்த்தம். அடுத்தவங்க சொன்னதை எடுத்துச் சொல்றதுங்கிறது அப்புறம் வந்தது, 19ஆம் நூற்றாண்டுல விலை சொல்றதுக்கும் அதையே வெச்சுக்கிட்டாங்க. நம்ம ஊர்ல சண்டை போடுற கோட்டாவும் அதே வேர்தான். அவ்வளவுதான்.

இப்போ மேற்கோளுக்கு வருவோம். நல்ல சொல், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஒருத்தர் தான் சொல்றதுக்கு பலம் சேர்க்க பெரியவங்க வாக்கை எடுத்து வெச்சா அது மேற்கோள். நன்னூல் பாயிரத்துல "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்"னு வருதே, அந்த மனசோட செய்யற வேலை அது. சரி, மேனேஜர் "சனிக்கிழமை எல்லாரும் ஆபீஸ் வரணும்"னு எழுதுறாரு, நீங்க அந்த வரியை அப்படியே வெச்சுக்கிட்டு கீழ "என்னால முடியாது சார், ஊர்ல கல்யாணம்"னு எழுதுறீங்க. மேனேஜர் வரியைப் பொன்னேபோல் போற்றுனீங்களா? அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டீங்களா? எந்த வரிக்குப் பதில் சொல்றோம்னு தெரியணும்னு வெச்சீங்க, அவ்வளவுதான்.

இதுக்குப் பொருத்தமான சங்கதி அதே நன்னூல்லயே வேற இடத்துல இருக்கு. எழுவகை மதம்னு, அதாவது நூல் எழுதுறவர் வெச்சுக்கிற ஏழு வகைக் கொள்கைன்னு சொல்ற இடத்துல உடன்படல், மறுத்தல், அதுக்கடுத்து "பிறர்தம் மதமேற் கொண்டு களைவே"ன்னு வருது. அடுத்தவன் சொன்னதை முதல்ல எடுத்துக்கிட்டு அப்புறம் அதைத் தள்ளுறது. மெயில்ல ஒவ்வொரு வரியா எடுத்து வெச்சு கீழகீழ பதில் எழுதுறோமே, அதுல பாதி இதுதானே.

"மேற்கோள்னா இப்போ வெறும் கொட்டேஷன்தான், அகராதில பாரு, பழைய நுணுக்கமெல்லாம் எவன் பாக்குறான்"னு கேப்பாங்க. கட்டுரைக்கு, பேச்சுக்கு, பேப்பருக்கு ஒத்துக்கறேன், அங்க மேற்கோள் இருக்கட்டும். மெயில்ல வேற ஒரு கஷ்டமும் இருக்கே. மேற்கோள் குறின்னா ஸ்கூல்ல படிச்ச எல்லாருக்கும் ஒற்றை, இரட்டைன்னு தலைக்கு மேல தொங்குற அந்தக் குறிதான். "மேற்கோள் குறி இட்டுப் பதில் எழுதவும்"னா புள்ளைங்க பழைய மெயில் முழுக்க ரெண்டு பக்கமும் இரட்டைக் குறி போட்டு வெக்கிறாங்க, ஏன்னா சொன்னது அதுதானே! மெயில்ல நிக்கிறது வரியோட இடது ஓரத்துல கணக்குப் பாடத்துல "விடப் பெரியது"ன்னு படிச்ச அந்தக் கோணல் குறி (>). ரெண்டும் வேற.

அதைவிட எரிச்சல் "உரை". டெக்ஸ்ட்னு எங்க பாத்தாலும் கண்ணை மூடிக்கிட்டு உரைன்னு போடுற வழக்கம் எப்போ வந்துச்சோ, தமிழ்ல மூலம் வேற உரை வேற. குறள் மூலம், பரிமேலழகர் உரை. முதல்ல மூலம், கீழ உரை, ஏட்டுலயும் அச்சுலயும் நாம பாத்து வளர்ந்த அமைப்பே அதுதான். இப்போ வரிவரியா பதில் எழுதுற மெயிலைப் பாருங்க, அவர் எழுதுன வரி மேல, நம்ம பதில் கீழ. அப்போ மூலம் எது? அவரோடது. உரை எது? நம்மளோடது. இவங்க வெச்ச பேரு அப்படியே தலைகீழ், மூலத்தைப் போய் உரைங்கிறாங்க! இதுல "தூய தமிழ்"ங்கிற பெருமை வேற. கலப்பில்லாம இருந்தா போதுமா, சரியா இருக்க வேண்டாமா?

என்னைக் கேட்டா இதுக்கு ஒரு சொல் பத்தாது, ரெண்டு வேணும். இங்கிலீஷ்காரன் ரெண்டு வேற விஷயத்தை ஒரே பேர்ல போட்டுக் குழப்பி வெச்சிருக்கான், அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம ஏன் இறக்குமதி பண்ணணும்? நாமளா பாத்துத் தேவையான வரியை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை வெட்டுறோமே, அது "எடுத்த வரி". எடுத்தாளுதல்னு சொல் ஏற்கெனவே இருக்கு, ஆபீஸ்லயும் "அந்த வரியை எடுத்துப் போட்டு பதில் போடு"ன்னுதான் பேசுறோம். தொடாம அப்படியே கீழ மலை மாதிரி சேந்து கிடக்குதே, அதுக்குப் "பழைய மடல்" போதும். அப்போ அந்த பட்டன் என்ன ஆகும்? "பழைய மடலைக் காட்டு". எங்க அம்மாவுக்கே புரியும்.

கோணல் குறிக்கு ஓரக்குறின்னு சொல்லலாம். ஓரத்துல நிக்குது, ஓரத்துல குறி போடுறதுங்கிற அந்தப் பழைய லத்தீன் அர்த்தத்துக்கும் கிட்ட வருது. இன்னொரு வேடிக்கை, பழைய கிரேக்கச் சுவடிகள்ல டிப்ளேன்னு ஒரு ஓரக்குறி உண்டு, உருவம் கிட்டத்தட்ட இதே கோணல்தான், பின்னாடி கிறிஸ்தவச் சுவடிகள்ல வேதவாக்கியம் வர்ற வரிக்குப் பக்கத்துல அதைப் போட்டாங்க. மெயில்காரங்க அதைப் பாத்துத்தான் எடுத்தாங்கன்னு நான் சொல்ல வரல.

குறி எப்படிப் போடணும்னு விதியே இருக்கு. இன்டர்நெட்ல எது எப்படி இருக்கணும்னு எழுதி வெக்கிற ஆவணங்களுக்கு ஆர்எஃப்சின்னு பேரு, அதுல 2004ல வந்த ஆர்எஃப்சி 3676 படி வெறும் எழுத்து மடல்ல எடுத்த வரி ஒவ்வொண்ணும் ஓரக்குறியோட ஆரம்பிக்கணும், எத்தனை குறியோ அத்தனை படி உள்ள. ரெண்டு குறி இருந்தா அவர் எடுத்துப்போட்ட இன்னொருத்தர் வரி. குறிகளுக்கு நடுவுல இடைவெளி விடக்கூடாது. வரிக் கடைசில ஒரு இடைவெளி இருந்தா வாக்கியம் அடுத்த வரிலயும் தொடருதுன்னு அர்த்தம், இது இல்லாத காலத்துல நீள வரி பாதில உடைஞ்சு மிச்சத்துண்டு குறியில்லாம அநாதையா நிக்கும், யார் சொன்னது யார் பதில்னே தெரியாது. கலர், தடிச்ச எழுத்தெல்லாம் வர்ற ஹெச்டிஎம்எல் மடல்ல குறிக்குப் பதிலா இடது பக்கம் செங்குத்தா ஒரு கோடு. தேவையான அளவு மட்டும் எடுத்து வெச்சா போதும்னு 1995லயே ஆர்எஃப்சி 1855 சொல்லிடுச்சு, யாரு கேட்டா? "ஓகே சார்"னு ரெண்டு சொல் ரிப்ளைக்குக் கீழ அரை கிலோமீட்டர் பழைய மடல் தொங்குது.

மொழிபெயர்ப்பாளர்கள் உருப்படியா செஞ்சதும் ஒண்ணு உண்டு, அதையும் சொல்லிடணும். எடுத்த வரிக்கு மேல "இன்னார் எழுதியது:"ன்னு வருதே, அது அருமை. எழுதினான், எழுதினாள், எழுதினார்னு சாஃப்ட்வேர் முழிக்க வேண்டியதில்ல, மரியாதையும் கெடல. இப்படி யோசிக்கத் தெரிஞ்ச அதே கூட்டம்தான் "மேற்கோள் காட்டப்பட்ட"ன்னும் எழுதுது, அதான் ஆத்திரம்.

ஆனா அவங்களை மட்டும் திட்டியும் பிரயோஜனமில்ல. ஒரு பட்டியல்ல "கோட்"னு ஒத்தைச் சொல்லைக் கொடுத்து எந்தத் திரைல வருதுன்னுகூட காட்டாம மொழிபெயர்க்கச் சொன்னா மேற்கோள்னுதான் வரும், மெஷினும் அதையேதான் துப்பும். வீட்டு வாட்டர்ப்ரூஃபிங் பண்ற சைட்டுல "இலவச மேற்கோளைப் பெறுங்கள்"னு நிக்குது, அது விலைப்புள்ளிப்பா, அரசாங்க ஆபீஸ்ல எத்தனையோ வருஷமா புழங்குற சொல்! கோட்டட் பிரிண்டபிள்னு மடலுக்குள்ள ஒரு குறியாக்கம் இருக்கு, அதாவது எழுத்தை வேற குறியா மாத்தி அனுப்புற முறை, அதுல நம்ம "அ" ஒண்ணே சமக்குறியும் எழுத்தும் எண்ணுமா ஒம்பது எழுத்தாப் போகும், அதுக்கும் அடுத்தவங்க பேச்சுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. அதுக்கும் "மேற்கோள் அச்சிடத்தக்கது"ன்னு மெஷின் எழுதிக் குடுக்குது, எவனும் படிச்சுப் பாக்காம அப்படியே ஏத்துறான்.